சேவ் ஆகிவிட்டது, ட்ரீயில் மட்டும் வரவில்லை: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

புதிதாக ஒரு பொருளைச் சேர்க்கிறீர்கள், ‘சேமிக்கப்பட்டது’ என்று மூலையில் ஒரு செய்தி வந்து போகிறது, இடப்பக்க ட்ரீ (கிளை கிளையாக விரியும் பட்டியல்) மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எஃப்5 அழுத்தினால் வந்துவிடுகிறது. உடனே கை என்ன செய்யும் என்றால், சேவ் முடிந்ததும் பக்கத்தையே ரீலோடு செய்கிற ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு மளிகை மொத்தக் கடைக்கு ஸ்டாக் திரை செய்து கொடுத்த மூன்றாம் நாள் அங்கே கணக்கு பார்ப்பவர் போன் செய்தார்: “தம்பி, ஒரு பருப்பு சேர்க்க நாலு கதவு திறக்க வேண்டியிருக்கு, சேர்த்த உடனே நாலும் சாத்திக்குது.” அன்றைக்கு அவர் சேர்க்க வேண்டியவை அறுபது பொருள்.

அதற்கப்புறம் பல ட்ரீக்களோடு மல்லுக்கட்டியதில் ஒன்று புரிந்தது. ‘ட்ரீ ரெஃப்ரெஷ் ஆகவில்லை’ என்று எல்லாரும் ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே பிழை இல்லை. ஒரே தகவல் நான்கு இடத்தில் கிடக்கிறது: டேட்டாபேஸில், சர்வர் அனுப்பும் பதிலில், பிரவுசரில் உங்கள் கோடு வைத்திருக்கும் நகலில், கடைசியாக ட்ரீ காம்பொனென்ட் (ட்ரீயை வரைந்து காட்டும் தயார் கோடு) தனக்கென்று வைத்துக்கொண்டு திரையில் வரைந்திருக்கும் நகலில். இந்த நான்கில் பழசு எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியாமல் ரெஃப்ரெஷ் ஃபங்ஷனை எத்தனை தடவை கூப்பிட்டாலும், தண்ணீர் வராத குழாயைத் திருகிக்கொண்டே இருப்பது போலத்தான்.

ஆகவே கோடைத் தொடும் முன் இரண்டு நிமிடம் பாருங்கள். டெவ்டூல்ஸில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவி) நெட்வொர்க் டேபைத் திறந்து சேவ் பட்டனை அழுத்துங்கள். சேவ் போன பிறகு ட்ரீக்கான கோரிக்கை ஒன்று தனியாகப் போகிறதா? போனால், அதன் பதிலுக்குள் புதுப் பொருள் இருக்கிறதா? இருந்தால், உங்கள் ஸ்டேட்டிலும் (பிரவுசரில் உங்கள் கோடு வைத்திருக்கும் நகல்) வந்திருக்கிறதா? இந்த மூன்றில் எதற்கு முதலில் ‘இல்லை’ என்று பதில் வருகிறதோ அங்கேதான் வேலை. மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் வேலை ட்ரீ காம்பொனென்டின் நகலில்.

மூன்றாவதைப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கன்சோலில் ஆப்ஜெக்டை அப்படியே அச்சிட்டால், முக்கோணத்தை விரிக்கிற நேரத்தில் அதில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பிரவுசர் காட்டும், அச்சிட்ட நேரத்தில் இருந்ததை அல்ல. புதுப் பொருள் அங்கே தெரிகிறது, ஆனால் வரைந்த நேரத்தில் அது இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். ஜேசான் ஸ்ட்ரிங்காக மாற்றி அச்சிடுங்கள், அது பொய் சொல்லாது.

சேவ் போகிறது, அதற்குப் பிறகு எந்தக் கோரிக்கையும் போகவில்லை

ரெஃப்ரெஷைக் கூப்பிடவே மறந்திருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கூப்பிட்டும் போகவில்லை என்றால், ட்ரீக்கு நீங்கள் தகவலை எப்படிக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

ஜேஎஸ்ட்ரீ என்ற ட்ரீ லைப்ரரியில் இது அடிக்கடி வரும். ஆரம்பத்தில் ஒரு அரேயை (பட்டியலை) கையில் கொடுத்து ட்ரீயைக் கிளப்பியிருந்தால், ரெஃப்ரெஷ் என்றதும் அது அதே பழைய அரேயை எடுத்துத் திரும்ப வரையும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்புறம் சிலர் புது அரேயோடு ஜேஎஸ்ட்ரீயை அதே டிவ் மேல் இன்னொரு தடவை கிளப்பிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டாவது அழைப்பை அது சத்தமில்லாமல் விட்டுவிடும், எரர்கூட வராது. செய்ய வேண்டியது: ஓடிக்கொண்டிருக்கும் ட்ரீயின் செட்டிங்ஸுக்குள் கோர் என்பதன் கீழ் இருக்கும் டேட்டாவில் புது அரேயை வைத்துவிட்டு, அப்புறம் ரெஃப்ரெஷ். டேட்டாவை ஃபங்ஷனாகவோ யூஆர்எல்லாகவோ கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, ஒவ்வொரு ரெஃப்ரெஷுக்கும் அது போய்க் கேட்டுக்கொண்டு வரும்.

அதே ஜேஎஸ்ட்ரீயில் கோரிக்கையே வேண்டாம், நேரடியாக ஒரு நோடை (ட்ரீயின் ஒரு வரியை) சேர்த்துவிடலாம் என்று ‘கிரியேட்_நோட்’ கூப்பிட்டு, அதுவும் ஒன்றும் செய்யாமல் இருந்தால், ‘செக்_கால்பேக்’ என்ற செட்டிங்கைப் பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் அது ‘முடியாது’ என்ற நிலையில்தான் இருக்கும், ட்ரீயை மாற்றும் எந்த வேலையையும் விடாது. ‘ட்ரூ’ என்று வைத்தால் வழிவிடும்.

கிளையைத் திறக்கும்போதுதான் பிள்ளைகளைக் கொண்டுவருகிற வகை ட்ரீக்களில் கதை வேறு. ‘பருப்பு’ என்ற கிளையை ஒரு தடவை திறந்தாகிவிட்டால், ‘இதை லோடு செய்தாகிவிட்டது’ என்று காம்பொனென்ட் குறித்து வைத்துக்கொள்கிறது, நீங்கள் எத்தனை தடவை மூடித் திறந்தாலும் திரும்பக் கேட்காது. ஆன்ட் டிசைனில் (இதுவும் அடுத்து வரும் எலிமென்ட், ஃபேன்சிட்ரீயும் ட்ரீ தரும் லைப்ரரிகள்) அந்தக் குறிப்பு ‘லோடட்கீஸ்’ என்ற பட்டியலில் இருக்கிறது. எலிமென்ட்டின் ட்ரீயில் ஒவ்வொரு நோடிலும் ‘லோடட்’ என்ற ஒரு கொடி இருக்கும், அதை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிட்டு அந்த நோடின் எக்ஸ்பேண்டைக் கூப்பிட்டால் போய்க் கொண்டுவரும். ஃபேன்சிட்ரீ என்றால் நோடின் ‘லோட்’ ஃபங்ஷனுக்கு ‘ட்ரூ’ கொடுங்கள், ஜேஎஸ்ட்ரீ என்றால் ‘ரெஃப்ரெஷ்_நோட்’. ஆன்ட் டிசைனில் மட்டும் நான் அந்தப் பட்டியலோடு சண்டை போடுவதில்லை. அந்த ஒரு கிளையின் பிள்ளைகளை நானே சர்வரின் ஏபிஐயில் கேட்டு வாங்கி ட்ரீடேட்டாவுக்குள் வைத்துவிடுவேன், காம்பொனென்டைக் கெஞ்சுவதைவிட அது சுலபம்.

கோரிக்கை போகிறது, பதிலில் பழசே வருகிறது

இங்கே ட்ரீ மேல் எந்தத் தப்பும் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

பழைய பதில் எவ்வளவு நேரத்தில் தானாகச் சரியாகிறது என்பதே நல்ல துப்பு. ஒரு நொடி கழித்து ரெஃப்ரெஷ் கொடுத்தால் சரியாக வருகிறது என்றால், சேவ் முடியும் முன்பே ட்ரீயைக் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு ‘அவெய்ட்’ (முடியும் வரை காத்திரு) விடுபட்டிருக்கும். அல்லது சர்வர் பக்கம் டிரான்ஸாக்‌ஷன் கமிட் ஆகும் (டேட்டாபேஸில் உறுதியாகப் பதியும்) முன்பே ‘மாறிவிட்டது’ என்று வெப்சாக்கெட்டில் (சர்வர் தானே செய்தி அனுப்பும் திறந்த இணைப்பு) செய்தி கிளம்பியிருக்கும், செய்தியைக் கேட்ட பிரவுசர் கமிட்டை முந்திக்கொண்டு வந்து பழசை வாங்கிப் போயிருக்கும். எழுதுவது ஒரு டேட்டாபேஸில், படிப்பது அதன் ரெப்ளிக்காவில் (சற்றுப் பின்தங்கி வரும் நகல்) என்ற அமைப்பிலும் இதே அறிகுறிதான். சரியாகச் சொல்லிவைத்தாற்போல் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து வருகிறது என்றால், யாரோ ஒரு கேஷுக்கு (பதிலைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் இடம்) அந்த ஆயுளைக் கொடுத்திருக்கிறார்கள், சர்வர் கோடில் தேடுங்கள்.

தயவுசெய்து ‘செட்டைம்அவுட் 500’ (500 மில்லிவினாடி காத்திரு) போட்டு இதைச் சரிசெய்யாதீர்கள். அந்த 500 ஒரு நாள் 1500 ஆகும், அப்புறம் 3000 ஆகும், ஒவ்வொரு தடவையும் ‘இப்ப வேலை செய்யுது’ என்றுதான் கமிட் செய்தியில் எழுதியிருக்கும்.

இன்னொரு விசித்திரமான அறிகுறி: டெவ்டூல்ஸைத் திறந்து வைத்தால் சரியாக வேலை செய்கிறது, மூடினால் செய்வதில்லை. பேய் எல்லாம் இல்லை. நெட்வொர்க் டேபில் ‘டிசேபிள் கேஷ்’ டிக் செய்திருப்பீர்கள், அது டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான் செல்லும். மூடியதும் பிரவுசர் தன் கேஷிலிருந்து பதிலை எடுக்கிறது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள், அளவு என்ற பத்தியில் பைட் எண்ணுக்குப் பதிலாக ‘டிஸ்க் கேஷ்’ என்று நிற்கும். சர்வர் பதிலில் ‘கேஷ்-கன்ட்ரோல்’ ஹெட்டர் வைப்பதுதான் முறையான மருந்து. ‘நோ-ஸ்டோர்’ என்றால் சேமிக்கவே செய்யாதே, ‘நோ-கேஷ்’ என்றால் சேமித்துக்கொள், ஆனால் எடுத்துக் கொடுக்கும் முன் என்னைக் கேள். பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. சர்வரைத் தொட வழியில்லை என்றால் ஃபெட்ச்சில் கேஷ் என்ற ஆப்ஷனுக்கு ‘நோ-ஸ்டோர்’ கொடுங்கள், ஜேகுவெரி என்றால் ‘கேஷ்: ஃபால்ஸ்’, அது யூஆர்எல் கடைசியில் நேரத்தை ஒட்டி ஒவ்வொரு தடவையும் புது முகவரியாக்கிவிடும்.

பதிலின் நிலை எண் 304 என்று வந்தால் அது தப்பு என்று பதறவேண்டாம், ‘நீ வைத்திருப்பதே சரி’ என்று சர்வர் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை எதை வைத்துச் சொல்கிறது என்று கேளுங்கள். ‘பருப்பு’ வரியின் கடைசி மாற்ற நேரத்தை வைத்து ஈடேக் (பதிலின் பதிப்பு அடையாளம்) உருவாக்கியிருந்தால், அதன் கீழே புதிதாக ஒன்று சேர்ந்தபோது ‘பருப்பு’ வரி மாறவே இல்லை, ஈடேக்கும் மாறாது, 304 வந்துகொண்டே இருக்கும்.

பதிலில் புதுசு இருக்கிறது, திரையில் இல்லை

இதற்கு ஓர் உறுதியான அடையாளம் உண்டு. சம்பந்தமே இல்லாத வேறொரு கிளையைத் திறந்தாலோ தேடல் பெட்டியில் ஓர் எழுத்து அடித்தாலோ புதுப் பொருள் திடீரென்று குதித்து வந்து நிற்கும். அப்படி என்றால் தகவல் உள்ளே மாறிவிட்டது, மாறியதை யாரும் ஃப்ரேம்வொர்க்கிடம் (ரியாக்ட், வ்யூ, ஆங்குலர் போன்றவை) சொல்லவில்லை.

ரியாக்டில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ட்ரீயில் மட்டும் இது இரட்டைச் சிக்கல். மேலே ‘மளிகை’, அதன் கீழ் ‘பருப்பு’, ‘எண்ணெய்’, ‘மசாலா’. பருப்பின் கீழ் துவரையும் உளுந்தும். இப்போது பொட்டுக்கடலை சேர்க்க வேண்டும். பருப்பின் பிள்ளைகள் அரேக்குள் புஷ் செய்துவிட்டு அதே ட்ரீ அரேயை செட்ஸ்டேட்டிடம் கொடுத்தால், பழைய அரேயும் புது அரேயும் ஒன்றேதான் என்று ரியாக்ட் எதையும் வரையாது. இது முதல் சிக்கல், எல்லாருக்கும் தெரியும், அதனால் மேல்மட்ட அரேயை மூன்று புள்ளி போட்டு நகலெடுத்துக் கொடுப்பார்கள். சில நேரம் அதோடு வேலை முடிந்துவிடும், சில நேரம் முடியாது. நோடு காம்பொனென்டை ‘மெமோ’வில் (கொடுத்தது மாறாவிட்டால் திரும்ப வரையாதே என்ற உறை) சுற்றியிருந்தால் ‘மளிகை’ என்ற ஆப்ஜெக்ட் இன்னும் அதே ஆப்ஜெக்ட்தான், ‘மாற்றம் இல்லை’ என்று அந்த வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், உள்ளே இருக்கும் பருப்பு வரை செய்தி போகாது. இது இரண்டாவது சிக்கல்.

எல்லாவற்றையும் ஆழமாக நகலெடுப்பது பதில் இல்லை. அப்படிச் செய்தால் எண்ணெயும் மசாலாவும்கூடப் புது ஆப்ஜெக்ட் ஆகிவிடும், அத்தனையும் திரும்ப வரையப்படும், ‘மெமோ’ போட்டதே வீண். வேரிலிருந்து மாறிய இடம் வரையிலான பாதையை மட்டும் நகலெடுங்கள்: மேல் அரே புதுசு, மளிகை புதுசு, அதன் பிள்ளைகள் அரே புதுசு, பருப்பு புதுசு, அதன் பிள்ளைகள் அரே புதுசு. எண்ணெய், மசாலா, துவரை, உளுந்து எல்லாம் பழைய ஆப்ஜெக்டே. கையால் எழுதினால் பார்க்கச் சகிக்காது, இம்மர் போன்ற லைப்ரரி இந்தப் பாதை நகலைத் தானே செய்துவிடும். ‘யூஸ்மெமோ’வில் ட்ரீயைத் தயாரித்தால் அதன் சார்புப் பட்டியலில் இந்தத் தகவல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வ்யூ 2-இல் அரேயின் ஓரிடத்தில் எண் போட்டு நேரடியாக வைத்தாலோ, ஆப்ஜெக்டில் முன்பு இல்லாத ‘சில்ட்ரன்’ போன்ற ஒன்றைப் புதிதாக ஒட்டினாலோ அதற்குத் தெரியாது, அதற்கென்று இருக்கும் ‘செட்’ வழியாகத்தான் வைக்க வேண்டும். வ்யூ 3-இல் ப்ராக்ஸி (ஆப்ஜெக்டைச் சுற்றி நின்று மாற்றத்தைக் கவனிக்கும் உறை) வந்தபின் அந்தத் தொல்லை போய்விட்டது, ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: ரியாக்டிவ் ஆக்கும் முன் இருந்த அசல் ஆப்ஜெக்டை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு அதற்குள் புஷ் செய்தால் ப்ராக்ஸிக்குத் தெரியாது, திரையும் மாறாது.

ஆங்குலர் மெட்டீரியல் ட்ரீயில் டேட்டாசோர்ஸுக்கு ஒரு தடவை ‘நல்’ கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் அதே டேட்டாவைக் கொடுக்கும் வித்தையைப் பலரும் செய்வார்கள். வேலை செய்யும். ட்ரீயை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்ப நடுவதால்தான் வேலை செய்கிறது, அதன் விலையாக ஸ்க்ரோல் குதிக்கும், பெரிய ட்ரீ என்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மின்னும். பிள்ளைகளைத் தரும் ஃபங்ஷன் வெறும் அரேக்குப் பதிலாக மாறும்போதெல்லாம் புது மதிப்பை அனுப்பும் ஒரு அப்சர்வபிளைத் திருப்பித் தந்தால், அந்தக் கிளை மட்டும் தானாக மாறும். கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்பல்லோ கிளையன்ட் (சர்வர் தகவலைக் கொண்டுவந்து கேஷில் வைக்கும் லைப்ரரி) பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: இருக்கும் நோடின் பெயரை மாற்றினால் ட்ரீ தானாக மாறும், புது நோடு சேர்த்தால் மாறாது. அதன் கேஷ் வகைப்பெயரையும் ஐடியையும் வைத்து ஆப்ஜெக்டுகளை அடையாளம் காண்கிறது, புதிதாக ஒன்று எந்தப் பட்டியலில் போய்ச் சேர வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் கேஷில் சேர்க்க வேண்டும், அல்லது அந்தக் குவெரியைத் திரும்பக் கேட்கச் சொல்ல வேண்டும்.

ரெஃப்ரெஷ் ஆகிறது, ஆனால் திறந்திருந்த எல்லாக் கிளையும் மூடிக்கொள்கிறது

கணக்கு பார்ப்பவர் சொன்ன நாலு கதவு இதுதான். புதுசு திரையில் வரவில்லை என்ற பிழையைவிட இதைத்தான் பயன்படுத்துபவர்கள் அதிகம் வெறுக்கிறார்கள், ஆனால் டெவலப்பர்கள் இதைப் பிழை என்றே பதிவு செய்வதில்லை.

காரணம் எளிது. எது திறந்திருக்கிறது என்பதை ட்ரீ மூன்று விதத்தில் ஞாபகம் வைத்திருக்கலாம்: அந்த ஆப்ஜெக்டையே பிடித்து வைத்துக்கொள்ளலாம், ‘முதல் கிளையின் மூன்றாவது பிள்ளை’ என்று வரிசையில் வைத்துக்கொள்ளலாம், ஐடியை வைத்துக்கொள்ளலாம். ஆப்ஜெக்டைப் பிடித்திருந்தால், சர்வரிலிருந்து புது ஜேசான் வந்ததும் எல்லாம் வேறு ஆப்ஜெக்டாகிவிடுகிறது, பழைய ஞாபகம் எதற்கும் பொருந்தாது, எல்லாம் மூடிவிடும். ஆங்குலர் மெட்டீரியலின் ட்ரீகன்ட்ரோல் அப்படித்தான், அதற்கு ‘ட்ராக்பை’ ஃபங்ஷன் கொடுத்து ஐடியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வரிசையில் பிடித்திருந்தால் இன்னும் மோசம், மூடாது, வேறொரு கிளை திறந்துகொள்ளும். பிரைம்ஃபேசஸ் (ஜாவா பக்கத்து லைப்ரரி) நோடுகளுக்கு வைக்கும் ரோகீயைப் பாருங்கள், 0_1_2 என்று இருக்கும், அது ஒரு பாதை மட்டுமே. நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாருடைய முகவரியும் ஒன்று நகர்ந்துவிடும், நீங்கள் உளுந்தைத் தேர்வு செய்திருப்பீர்கள், ரெஃப்ரெஷுக்கு அப்புறம் துவரை தேர்வாகியிருக்கும். அந்த நேரத்தில் ‘நீக்கு’ பட்டனை அழுத்தினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐடி ஒன்றுதான் நம்பக்கூடியது. திறந்திருக்கும் ஐடிகளை ட்ரீக்கு வெளியே, உங்கள் ஸ்டேட்டில் ஒரு செட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஆன்ட் டிசைனில் ‘எக்ஸ்பேண்டட்கீஸ்’ கொடுத்து நீங்களே ஆளுங்கள். அங்கே ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் எதுவும் முதல் தடவை வரையும்போது மட்டும்தான் பேசும், டேட்டா பின்னால் வந்து சேரும்போது ‘டிஃபால்ட்எக்ஸ்பேண்ட்ஆல்’ தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். இன்னொன்று, ட்ரீயின் ‘கீ’யில் தற்போதைய நேரத்தைப் போட்டு ரெஃப்ரெஷ் செய்யும் வழியை எங்கேயாவது பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள். ‘கீ’ மாறினால் ரியாக்டுக்கு அது வேறு ட்ரீ, பழையதைக் கொன்றுவிட்டுப் புதிதாகப் பெறுகிறது.

ஜேஎஸ்ட்ரீ இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, ரெஃப்ரெஷுக்கு முன் திறந்தவற்றையும் தேர்ந்தவற்றையும் எடுத்து வைத்து, பிறகு தானே திரும்ப வைக்கும். ஆனால் சர்வர் ஐடி அனுப்பாவிட்டால் அது தானே ஒரு வரிசை எண்ணை ஒட்டிக்கொள்கிறது, அடுத்த தடவை அதே எண் அதே நோடுக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஐடி அனுப்புங்கள். ரெஃப்ரெஷைக் கூப்பிட்ட அடுத்த வரியிலேயே புது நோடைத் தேர்வு செய்யச் சொல்லாதீர்கள், அப்போது அது இன்னும் வந்திருக்காது. ரெஃப்ரெஷ் முடிந்தது என்று அது ஒரு நிகழ்வை எழுப்பும், அதில் செய்யுங்கள்.

திறக்கும்போது பிள்ளைகளைக் கொண்டுவரும் ட்ரீ என்றால் ஒரே மூச்சில் எல்லா ஐடியையும் திறக்க முடியாது. மளிகை வந்த பிறகே பருப்பு என்று ஒன்று இருக்கும், பருப்பு வந்த பிறகே அதன் உள்கிளை. மட்டம் மட்டமாகக் காத்திருந்து இறங்க வேண்டும், வழியில் ஏதாவது ஐடி காணவில்லை என்றால் (யாரோ நீக்கியிருப்பார்கள்) அதைச் செட்டிலிருந்தும் எடுத்துவிட்டு மேலே போக வேண்டும். நான்கு மட்டத்துக்கு நான்கு சுற்று ஆகும். அதனால்தான் முழு ட்ரீயையும் ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், மாறிய கிளையின் தாயை மட்டும் செய்யுங்கள் என்று சொல்கிறேன்.

இலைக்குக் கீழே முதல் பிள்ளையைச் சேர்த்தால் அம்புக்குறி வரவில்லை

தாயை மட்டும் ரெஃப்ரெஷ் செய் என்று சொன்னவனே மாட்டிக்கொண்ட இடம் இது. ‘எண்ணெய்’ கீழே இதுவரை ஒன்றுமில்லை, இப்போது நல்லெண்ணெய் சேர்க்கிறீர்கள். எண்ணெய் நோடை ரெஃப்ரெஷ் செய்கிறீர்கள். பிள்ளைகள் வந்துவிட்டார்கள், நெட்வொர்க் டேபில் பார்த்தாயிற்று, ஆனாலும் எண்ணெய்க்குப் பக்கத்தில் திறக்கும் அம்பு இல்லை, திறக்க வழியும் இல்லை.

ஏனென்றால் ‘எண்ணெய்க்குப் பிள்ளை உண்டா’ என்ற தகவல் எண்ணெயின் பிள்ளைகளைக் கேட்கும் பதிலில் வருவதில்லை. அது மளிகையின் பிள்ளைகளைக் கேட்டபோது, எண்ணெய் என்ற வரியோடு சேர்ந்து வந்தது. பாட்டி வீட்டில் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்டால் எப்படி? ஆகவே முதல் பிள்ளை சேரும்போதும், கடைசிப் பிள்ளை நீங்கும்போதும் ஒரு மட்டம் மேலே போய் ரெஃப்ரெஷ் செய்யுங்கள், அல்லது எண்ணெய் நோடின் ‘இஸ்லீஃப்’ போன்ற கொடியை நீங்களே திருத்திவிடுங்கள். கடைசிப் பிள்ளையை நீக்கியபின் அம்பு மட்டும் தனியே நிற்பதும், அழுத்தினால் சுழன்றுகொண்டே இருப்பதும் இதே பிழையின் மறுபக்கம்.

நகர்த்திய நோடு இரண்டு இடத்திலும் தெரிகிறது

புது வீட்டை ரெஃப்ரெஷ் செய்தீர்கள், பழைய வீட்டைச் செய்யவில்லை. இரண்டையும் செய்யுங்கள். நகர்த்தும் ஏபிஐயின் பதிலில் பழைய தாயின் ஐடியையும் சேர்த்து அனுப்பச் சொல்வது நல்லது, இழுத்து விடும் நேரத்தில் அது பிரவுசருக்குத் தெரிந்தாலும் இன்னொருவர் திரையில் அதே செய்தி வெப்சாக்கெட்டில் போகும்போது தெரியாது.

ஒரே பொருள் உண்மையிலேயே இரண்டு கிளையில் இருக்கலாம் என்றால் (பெருங்காயம் மசாலாவிலும் பூஜைப் பொருளிலும் இருப்பது போல) பொருள் ஐடியை மட்டும் கீயாக வைக்காதீர்கள். தாய் ஐடியோடு சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றைத் திறந்தால் இன்னொன்றும் திறக்கும்.

சில நேரம் புதுசு, சில நேரம் பழசு

வேகமாக இரண்டு பொருளைச் சேர்க்கிறீர்கள், இரண்டு ரெஃப்ரெஷ் கிளம்புகிறது. முதலாவதன் பதிலில் ஒன்று, இரண்டாவதன் பதிலில் இரண்டு. இரண்டாவது முதலில் வந்துவிட்டது, முதலாவது மெதுவாக வந்து அதன்மேல் பழசைப் பூசிவிட்டது. உங்கள் மெஷினில் சர்வர் பக்கத்திலேயே இருப்பதால் இது வரவே வராது, நெட்வொர்க் டேபில் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள், வரும். புதுக் கோரிக்கை கிளம்பும்போது பழையதை அபார்ட்கன்ட்ரோலர் வைத்து ரத்து செய்யுங்கள். அல்லது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ஓட்ட எண் கொடுத்து, வரும் பதிலின் எண் கடைசி எண் இல்லையென்றால் கீழே போட்டுவிடுங்கள். கிளைவாரியாக ரெஃப்ரெஷ் செய்கிறீர்கள் என்றால் இந்த எண்ணும் கிளைவாரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பருப்பின் கோரிக்கை எண்ணெயின் பதிலைக் கொன்றுவிடும்.

ரெஃப்ரெஷுக்கு அப்புறம் ஒரு க்ளிக் இரண்டு தடவை ஓடுகிறது

ஒவ்வொரு ரெஃப்ரெஷிலும் க்ளிக் ஹேண்ட்லரைத் திரும்பக் கட்டுகிறீர்கள், பழையதை அவிழ்க்கவில்லை. நோடுகளில் கட்டாதீர்கள், ட்ரீயைச் சுற்றியிருக்கும் டிவ்வில் ஒரே ஒரு தடவை கட்டுங்கள்.

திரை மேலே குதிக்கிறது, கீபோர்டு எங்கேயோ போய்விடுகிறது

நோடுகளை எல்லாம் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கும் அந்த இமைப்பொழுதில் பெட்டியின் உயரம் சுருங்கிவிடும், ஸ்க்ரோல் பூஜ்யத்துக்குப் போய்விடும். ‘ஸ்க்ரோல்டாப்’பை எடுத்து வைத்து, வரைந்து முடிந்தபின் வையுங்கள், வரையும் முன் வைத்தால் போவதற்கு இடமே இருக்காது.

ஃபோகஸும் அப்படித்தான். ஃபோகஸில் இருந்த நோடு டாமிலிருந்து (பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பு) போய்விட்டால் ஃபோகஸ் பாடிக்குப் போய்விடுகிறது, அம்புக்குறி விசைகளால் ட்ரீயில் நடந்துகொண்டிருந்தவரும் ஸ்க்ரீன் ரீடரில் கேட்டுக்கொண்டிருந்தவரும் பக்கத்தின் தலைக்கே தூக்கி எறியப்படுகிறார்கள். ஐடியைக் குறித்து வைத்து அதே நோடுக்கு ஃபோகஸைத் திருப்பிக் கொடுங்கள், அது நீக்கப்பட்டிருந்தால் அடுத்த உடன்பிறப்புக்கு, அதுவும் இல்லையென்றால் தாய்க்கு. கிளை திறந்ததா மூடியதா என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லும் ‘ஏரியா-எக்ஸ்பேண்டட்’ சரியான நிலையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், கண்ணுக்குத் திறந்தும் காதுக்கு மூடியும் இருக்கும் கிளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் மெஷினில் வருகிறது, அவர் மெஷினில் வரவில்லை

முதலில் அவரை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறக்கச் சொல்லுங்கள். அதில் சரியாக வந்தால் அவர் பிரவுசரில் ஏதோ தங்கியிருக்கிறது. செயலியை மொபைலில் இன்ஸ்டால் செய்யும் வகையில் பிடபிள்யூஏ ஆக்கியிருந்தால் சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரில் பின்னணியில் ஓடும் கோடு) ஏபிஐ பதிலையும் சேர்த்துக் கேஷ் செய்திருக்கலாம், அப்ளிகேஷன் டேபில் போய் அதை அன்ரெஜிஸ்டர் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். திறந்த கிளைகள் மட்டும் தாறுமாறாக இருந்தால் லோக்கல்ஸ்டோரேஜைப் பாருங்கள். ஜேஎஸ்ட்ரீயின் ஸ்டேட் ப்ளகின் தன் ஞாபகத்தை அங்கே ‘ஜேஎஸ்ட்ரீ’ என்ற பெயரிலேயே எழுதி வைக்கும், பெயரை மாற்றாவிட்டால் ஒரே தளத்தில் இருக்கும் இரண்டு ட்ரீயும் ஒரே பெட்டியில் எழுதி ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அந்த மளிகைக் கடையில் எனக்குக் கடைசியாக வந்த புகார் அதுதான்: பொருள் ட்ரீயில் ‘பருப்பு’ திறந்துவிட்டு வாடிக்கையாளர் ட்ரீக்குப் போய்த் திரும்பினால், பருப்பு மூடியிருந்தது. இரண்டு ட்ரீக்கும் இரண்டு பெயர் வைத்தேன், அதற்கப்புறம் அவர் போன் செய்தது ஜிஎஸ்டிக்காக.